புகையாமல் எரிய வேண்டும்: விறகடுப்புக்குப் புதியவர்களுக்கு

2022 இல் காஸ் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களில், யாழ்ப்பாணத்தில் எத்தனையோ வீடுகளில் மூலையில் கிடந்த விறகடுப்புகள் மறுபடியும் எரியத் தொடங்கின. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் குடும்பம் நடத்திய அம்மாமாருக்கு அது புதிதல்ல. காஸிலும் ரைஸ் குக்கரிலும் பழகிய பிள்ளைகள்தான் திண்டாடிப் போனார்கள். இப்போது காஸ் கிடைக்கிறது. ஆனாலும் செலவைக் குறைக்க, வளவில் விழுகிற மட்டையையும் பாளையையும் வீணாக்காமல் இருக்க, ஒடியல் கூழ் காய்ச்ச, பனங்கிழங்கு அவிக்க என்று விறகடுப்பை விடாமல் வைத்திருப்பவர்கள் பலர். வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்து வீடு கட்டுபவர்களும் குசினிக்குப் பின்னால் ஓர் அடுப்படி கேட்கிறார்கள். விறகடுப்பைப் புதிதாகத் தொடும் எல்லோருக்குமாகத்தான் இதை எழுதுகிறேன்.

விறகடுப்பு என்றால் புகை வரத்தானே செய்யும் என்று சொல்லிவிடுகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். புகை என்பது எரியாமல் தப்பிப் போகிற விறகு. நன்றாக எரிகிற அடுப்பில், மூட்டிய முதல் சில நிமிடங்களைத் தவிர, கண்ணைக் கரிக்கும் புகை இருக்கக் கூடாது. இருந்தால் விறகு ஈரம், அல்லது காற்று போதவில்லை, அல்லது அளவுக்கு மீறித் திணித்திருக்கிறோம். பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். இதைப் பொறுத்துக்கொண்டு போவது சின்ன விஷயமும் இல்லை. வீட்டுக்குள் நிறையும் அடுப்புப் புகையால் 2020 இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நுரையீரல் நோய், இதய நோய், பக்கவாதம், சிறு பிள்ளைகளுக்கு நியூமோனியா என்று அந்தப் பட்டியல் நீளும். அடுப்படியில் அதிக நேரம் நிற்பது யார், அவருடைய இடுப்பில் இருக்கும் குழந்தை யார் என்று நினைத்துப் பார்த்தால், புகையைக் குறைக்க ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்பது புரியும்.

இடமும் காற்றும்

அடுப்பு வைக்க இடம் பார்க்கும்போது முதலில் காற்றைப் பாருங்கள். நமக்கு வருடத்தில் இரண்டு பெரிய காற்று. வைகாசியில் தொடங்கிப் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து சோளகம். மழையோடு வடகிழக்கிலிருந்து வாடை. சோளகம் நேராக அடுப்பு வாய்க்குள் புகுந்தால் சுவாலை பானைக்கு அடியில் நிற்காமல் பின்பக்கமாக வெளியே பாயும், பொறியும் பறக்கும். ஆகவே அடுப்பு வாய் தென்மேற்கைப் பார்க்காதபடி வையுங்கள். முடியாவிட்டால் அந்தப் பக்கம் இடுப்பளவுக்கு ஒரு கல் மறைப்புக் கட்டுங்கள். மறைப்பு என்றதும் தகரத்தாலோ ஓலையாலோ நாலு பக்கமும் அடைத்துவிடக் கூடாது. எதிரெதிராக இரண்டு திறப்பாவது இருந்தால்தான் புகை வெளியே போகும்.

கிடுகு வேலி, ஓலைப் பத்தி, காவோலைக் குவியல், வைக்கோல், காஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய்க் கான் எதுவும் அடுப்புக்குக் கிட்ட இருக்கக் கூடாது. ஒரு காய்ந்த காவோலை பிடித்தால் அது முழுதாகச் சுவாலை விட சில விநாடி போதும். அதை நேரில் பார்த்தவர்கள் அடுப்பையும் வேலியையும் ஒருநாளும் அருகருகே வைக்க மாட்டார்கள். பழைய வீடுகளில் அடுப்படியைத் தனியாகப் பின்னால் போட்டது சும்மா இல்லை.

அடுப்பின் வாயிலிருந்து மூன்றடி தூரத்துக்குத் தரையில் ஒரு கோடு கீறுங்கள், அல்லது நிறம் மாற்றி ஒரு வரிசை ஓடு பதியுங்கள். தத்தித் தத்தி நடக்கிற பிள்ளை அந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டமாக இருக்கட்டும். முடிந்தால் தரையடுப்பை விட்டு இடுப்பளவு மேடையில் அடுப்பை வையுங்கள். பிள்ளைக்கும் பாதுகாப்பு, சமைப்பவரின் முதுகுக்கும் நல்லது.

எதனால் கட்டுவது

மூன்று கல்லை வைத்துப் பானையை ஏற்றினால் சோறு வெந்துவிடும், உண்மைதான். ஆனால் வெப்பத்தில் பெரும் பகுதி நாலு பக்கமும் சிதறிப் போகும், விறகும் அள்ளிக்கொண்டு போகும். தினமும் சமைப்பதாக இருந்தால் பக்கங்கள் மூடிய மண் அடுப்புத்தான் சரி. இலங்கையில் எண்பதுகளில் உருவாகிப் பரவிய 'அனகி' என்ற சுட்ட மண் அடுப்பில் ஒரே நெருப்பில் இரண்டு பாத்திரம் வைக்கலாம். முன் குழியில் சோறு, பின் குழியில் கறியோ சுடுதண்ணீரோ. அதை அப்படியே வைத்து எரிக்காமல் சுற்றிவரக் களிமண் பூசிப் பதித்தால் வெப்பம் உள்ளேயே நிற்கும், அடுப்பும் வெடிக்காமல் பல வருடம் உழைக்கும்.

நீங்களே கட்டுவதாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வளவில் கிடக்கிற சுண்ணக்கல்லை எடுத்து அடுப்புக் கல்லாக வைக்காதீர்கள். நம் நிலம் முழுக்கச் சுண்ணக்கல். அதே கல்லைச் சூளையில் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்தார்கள். கடும் நெருப்பில் அந்தக் கல் வெடிக்கும், உதிரும். ஈரம் ஊறிய கல்லாக இருந்தால் உள்ளே நீராவி திரண்டு துண்டு தெறிக்கவும் கூடும். சுட்ட செங்கல் வாங்குங்கள். கல்லுக்கிடையில் சீமெந்துச் சாந்து வேண்டாம், நேரடி நெருப்பில் அது கீறிவிடும். சலித்த களிமண்ணோ புற்றுமண்ணோ எடுத்து, கொஞ்சம் மணலும் உமியும் சேர்த்து, ஒரு நாள் ஊறவிட்டுக் குழைத்துப் பூசுங்கள். நிழலில் மெதுவாகக் காயட்டும். காய்ந்தபின் முதல் சில நாள் சின்ன நெருப்பு மட்டும்.

பானை உட்காரும் மூன்று குமிழும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். பானையைத் தண்ணீரோடு வைத்து ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அப்போதே சரி செய்யுங்கள். கொதிக்கிற சோற்றுப் பானை சரிவதால்தான் மோசமான எரிகாயங்கள் வருகின்றன. குமிழின் உயரம் ஒரு விரல் தடிப்புக்குக் கிட்ட இருந்தால் போதும். அந்த இடைவெளியால்தான் சூடான காற்று பானையைத் தடவிக்கொண்டு வெளியேறும். இடைவெளியே இல்லாவிட்டால் அடுப்பு மூச்சு முட்டிப் புகையும். அதிகமானால் சுவாலை பக்கவாட்டில் போய் வீணாகும்.

விறகுதான் முக்கால்வாசி வேலை

இதை நிதானமாக வாசியுங்கள். அடுப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் விறகு பிழையென்றால் எல்லாமே பிழைதான்.

அப்போது வெட்டிய பச்சை மரத்தின் எடையில் பாதியளவு தண்ணீர். அதை அடுப்பில் வைத்தால் நெருப்பு முதலில் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து விரட்ட வேண்டும், அதற்குப் பிறகுதான் உங்கள் சோற்றைப் பார்க்கும். ஈர விறகை அடையாளம் காண்பது சுலபம். எரிகிற முனைக்கு எதிர் முனையைப் பாருங்கள். 'சீ' என்ற சத்தத்தோடு வெட்டுமுகத்தில் வெள்ளை நுரை தள்ளும், சில மரங்களில் மண்ணிறத் தண்ணீர் சொட்டும். அந்த விறகை வெளியே எடுத்து வெயிலில் போட வேண்டியதுதான்.

காய்ந்த விறகு கைக்கு இலேசாக இருக்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து வெளியே ஓடுகிற வெடிப்புகள் தெரியும், பட்டை தானாகக் கழன்று வரும். இரண்டு துண்டை ஒன்றோடு ஒன்று தட்டினால் 'டங்' என்று கணீரென ஒலிக்க வேண்டும். 'தொப்' என்றால் இன்னும் ஈரம். விறகுகாலையில், அதாவது விறகுக் கடையில், வாங்கும்போதும் இப்படித் தட்டிப் பார்த்தே வாங்குங்கள், கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். எடைக்கு விற்கிற இடத்தில் ஈர விறகு வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம்.

காய வைக்க நம் ஊர் வெயிலைப் போல உதவி வேறில்லை. மாசியில் கொத்திப் பிளந்து அடுக்கினால் ஆடி ஆவணிக்குள் அருமையாகக் காய்ந்துவிடும். உருண்டைக் கட்டையாக விட்டால் பட்டை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்திருக்கும், ஆகவே பிளக்க வேண்டும். மணிக்கட்டுத் தடிப்பு, ஒன்றரை அடி நீளம், அதற்கு மேல் வேண்டாம். நீண்ட கட்டை அடுப்புக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் யாராவது காலில் தட்டுவார்கள், பானையோடு எல்லாம் கவிழும். ஐப்பசி மழை தொடங்குமுன் மாரிக்கான விறகு கூரைக்குக் கீழே வந்துவிட வேண்டும். மேலே மட்டும் மூடுங்கள், பக்கங்களில் காற்றோட்டம் இருக்கட்டும். பொலித்தீனால் முழுக்கச் சுற்றினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும்.

விறகை வெறும் நிலத்தில் அடுக்காதீர்கள். கல்லு வைத்து ஓர் அடியாவது உயர்த்துங்கள். கறையானுக்காக மட்டும் இல்லை. விறகுக் குவியல் தேளுக்கும் பூரானுக்கும் பாம்புக்கும் பிடித்த இடம். புடையனும் சுருட்டையும் நம் வளவுகளில் அரிதில்லை. இருட்டில் கையை விட்டு விறகு எடுக்கவே கூடாது. ரோச் அடித்து, தடியால் இரண்டு தட்டுத் தட்டி, மேலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். பின்னேரமே அடுத்த நாள் காலைக்கான விறகை எடுத்து அடுப்படியில் வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை. ஆனால் நெருப்போடு ஒட்டி வைக்காதீர்கள்.

எந்த மரம் என்று கேட்பார்கள். வேம்பு, பூவரசு, மா, புளி, சவுக்கு, வன்னியிலிருந்து வருகிற வீரை, பாலை எல்லாம் நின்று எரியும். இப்பிலிப்பிலும் சீமைக்கிளுவையும் வேலியிலேயே வளரும். கிளையை வெட்ட வெட்டத் துளிர்க்கிற மரங்கள், மரத்தையே சாய்க்கத் தேவையில்லை. முருங்கை வெறும் சோத்தி, எரிக்கப் பிரயோசனமில்லை. தென்னை மட்டையும் பனை மட்டையும் சட்டென்று எரிந்து அடங்கும், தோசை சுட நல்லது, கூழ் காய்ச்சக் காணாது. பொச்சுமட்டை நன்றாகக் காயாவிட்டால் புகைந்துகொண்டே இருக்கும். ஊமல், அதாவது பனங்கொட்டையின் ஓடு, அற்புதமான எரிபொருள். உள்ளே இருக்கும் பூரான் என்ற பருப்பை வெட்டி எடுத்தபின் எறிந்துவிடாமல் காயப் போட்டு வையுங்கள். அதன் தணல் நீண்ட நேரம் நிற்கும்.

இனி, ஒருபோதும் எரிக்கக் கூடாதவை. அலரி நச்சு மரம், அதன் தடியை அடுப்புக்குக் கொண்டு வரவே வேண்டாம். களப்புக் கரைகளில் வளரும் தில்லையின் பாலும் புகையும் கண்ணைப் பாதிக்கும். பெயின்ற் அடித்த பழைய கதவு, யன்னல், ஒட்டுப் பலகை, பூச்சி அரிக்காதபடி மருந்து ஏற்றிய மரப்பெட்டி ஆகியவற்றின் புகையில் ஈயமும் இரசாயனங்களும் வரும். சொப்பின் பையை, அந்தப் பிளாஸ்ரிக் பையை, கொளுத்தி அடுப்பு மூட்டுகிற பழக்கத்தைப் பல வீடுகளில் காண்கிறேன். தயவுசெய்து விட்டுவிடுங்கள். அந்தக் கறுத்த நச்சுப் புகையை முதலில் சுவாசிப்பது மூட்டுகிறவர்தான்.

மூட்டுதல்

முதலில் அடுப்புக்குள் எட்டிப் பாருங்கள். சாம்பல் சூட்டில் பூனை படுத்திருக்கலாம். பழைய சாம்பலை ஒரு விரல் ஆழத்துக்கு மட்டும் விட்டு மிச்சத்தை அள்ளுங்கள். சாம்பல் நிறைந்திருந்தால் விறகுக்குக் கீழே காற்று போகாது.

இரண்டு விறகை ஒரு சாண் இடைவெளியில் அருகருகே வையுங்கள். நடுவில் ஒரு பிடி பன்னாடையோ தென்னம்பாளைச் சிலாகையோ. அதன் மேல் பென்சில் தடிப்புச் சுள்ளிகளைக் குறுக்கும் நெடுக்குமாக, நெருக்காமல். மேலே இரண்டு உடைத்த சிரட்டைத் துண்டு. அடுப்பு வாய்ப்பக்கமாக, அடியில் நெருப்புக்குச்சியை வையுங்கள். சுள்ளிகள் எல்லாம் பற்றியபின் விரல் தடிப்பு விறகு, அது சுவாலை விட்டபின் பெரியது. பானையை ஏற்ற அவசரப்பட வேண்டாம். குளிர்ந்த பானையின் அடி இளம் சுவாலையை அணைத்துவிடும், அங்கேதான் புகை கிளம்புகிறது. நெருப்பு நிலைத்தபின் ஏற்றுங்கள்.

மண்ணெண்ணெய் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். பெற்றோல் என்றால் நினைக்கவே வேண்டாம். அதிலும், அணைந்துவிட்டது என்று நினைத்துத் தணல் மேல் மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான் மிக ஆபத்தானது. சூட்டில் அது ஆவியாகி, ஒரேயடியாகப் பற்றி, சுவாலை போத்தல் வரை ஏறி வரும். நெருப்பு சோர்ந்துவிட்டால் சுள்ளியும் ஊதுகுழலும் போதும். ஊதும்போது சுவாலையை ஊதாமல் தணலை ஊதுங்கள். முகத்தை நேரே கொடுக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில், நீளமாக ஒரே சீராக. ஓயாமல் ஊத வேண்டியிருந்தால் விறகின் ஈரம், காற்று, திணிப்பு என்று மேலே சொன்ன மூன்றில் எது பிழை என்று பாருங்கள்.

எரியும்போது

மூன்று விறகு, அவற்றின் முனைகள் மட்டும் நடுவில் சந்திக்க வேண்டும். எரிய எரிய உள்ளே தள்ளுங்கள். காஸ் அடுப்பின் திருகு இங்கே விறகுதான். சோறு கொதி வரும்வரை மூன்றும் உள்ளே. கொதித்ததும் ஒன்றை வெளியே இழுங்கள். வடித்தபின் வெறும் தணலில் புழுங்க விடுங்கள். பிட்டு அவிக்க ஆவி சீராக வர வேண்டும், அதற்கு இரண்டு நடுத்தர விறகு போதும். பொரிக்கும்போது சுவாலை சட்டியின் விளிம்பைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எண்ணெய் பற்றும்.

பானையின் அடியில் கரி தடிப்பாகப் பிடித்தால் நெருப்பு சரியாக எரியவில்லை என்று அர்த்தம். ஏற்றுமுன் அடிப்பக்கத்தில் சாம்பலைத் தண்ணீரில் குழைத்துப் பூசிவிட்டால் கரி பிறகு ஒரு தேய்ப்பில் போகும்.

நைலோன் உடையோடு அடுப்புக்குக் கிட்டப் போகாதீர்கள், அது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி உடை, இறுக்கமான கை, சொருகிய முந்தானை, கட்டிய தலைமுடி. அருகில் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் எப்போதும் இருக்கட்டும். எரிகிற அடுப்பை விட்டுவிட்டுப் படலை வரை கூடப் போக வேண்டாம்.

அணைத்தபின்னும் அணையாது

சமையல் முடிந்ததும் கொள்ளிகளை வெளியே இழுத்து, முனையை மணலில் புதைத்து அணையுங்கள். சூடான அடுப்புக்குள் தண்ணீர் ஊற்றினால் மண் வெடிக்கும், ஆவியும் முகத்தில் அடிக்கும். நல்ல தணலை மூடியுள்ள மண் முட்டியில் போட்டு மூடினால் காற்றின்றி அணைந்து கரியாகும், அடுத்த நாளுக்கு உதவும்.

சாம்பல் விஷயத்தில் ஏமாறாதீர்கள். மேலே வெள்ளையாகக் குளிர்ந்து கிடக்கும், உள்ளே தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதைப் பிளாஸ்ரிக் வாளியில் அள்ளி வேலியோரச் சருகுக் குவியலில் கொட்டினால், சோளகக் காலத்தில் வேலியே போய்விடும். தகர வாளியிலோ மண் பாத்திரத்திலோ அள்ளி, மூடி, இரண்டு மூன்று நாள் வெளியே வைத்தபின் பயன்படுத்துங்கள். பாத்திரம் தேய்க்கலாம், கத்தரி இலையில் தூவலாம். தோட்டத்தில் மட்டும் அளவோடு போடுங்கள். நம் மண் சுண்ணக்கல் மேல் கிடக்கிறது, சாம்பலும் காரம். அள்ளிக் கொட்டினால் பயிருக்குக் கெடுதல்.

மாரிக் குளிரில் தணல் சட்டியை அறைக்குள் வைத்துக் கதவு யன்னலைப் பூட்டிப் படுக்கவே கூடாது. தணலிலிருந்து காபன் மொனொக்சைட் வாயு வரும். நிறமில்லை, மணமில்லை, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மூடிய இடத்தில் அடுப்பெரியும்போது தலையிடி, தலைசுற்று, வாந்தி வந்தால் உடனே எல்லோரும் வெளியே வாருங்கள்.

பராமரிப்பு

கிழமைக்கு ஒருமுறை அடுப்பை மெழுகுங்கள். அப்போதே வெடிப்புகளைப் பார்த்துக் களிமண் வைத்து அடைத்துவிடலாம்.

புகைக்கூடு இருந்தால் அதன் உட்சுவரில் படிகிற கரி மெல்ல மெல்லத் தடித்து, பசைபோல் பளபளக்கத் தொடங்கும். அது எரியக்கூடிய பொருள். ஒரு நாள் பெரிய சுவாலை மேலே ஏறினால் புகைக்கூடே பற்றும், அதிலிருந்து கூரை மரம் பற்றும். வருடத்தில் இரண்டு முறை, மழைக்கு முன்னும் பின்னும், அடுப்பு முழுதாக ஆறியிருக்கும் நாளில், நீளத் தடியில் ஈர்க்குவிளக்குமாறு கட்டி மேலிருந்து கீழாக வழியுங்கள். வாயையும் மூக்கையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். அணிலோ பறவையோ கூடு கட்டி அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். தகரக் குழாய் போட்டிருந்தால், கூரை மரத்துக்கும் அதற்கும் ஒன்றரை அடி இடைவெளி வேண்டும். கூரையைத் துளைத்து வெளிவரும் இடத்திலிருந்து குறைந்தது மூன்றடி உயர வேண்டும். இல்லாவிட்டால் காற்று புகையைத் திருப்பிக் கீழே தள்ளும்.

ஏதாவது நடந்துவிட்டால்

சட்டியில் எண்ணெய் பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள், தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். மூடியால் மூடி, விறகை இழுத்துவிட்டு, ஆறும்வரை திறக்காமல் விடுங்கள். உடையில் பிடித்தால் ஓட வேண்டாம். நின்று, நிலத்தில் படுத்து, உருளுங்கள். பக்கத்தில் இருப்பவர் தடித்த பருத்திப் போர்வையால் மூடலாம்.

சுட்ட இடத்தை உடனே ஓடுகிற சாதாரண தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். காப்பு, மோதிரம் வீங்குமுன் கழற்றுங்கள். பற்பசை, முட்டை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். தோலில் ஒட்டிய துணியை இழுக்காமல், சுத்தமான துணியால் மூடுங்கள். முகம், கை, மூட்டு, பிறப்புறுப்பு சுட்டிருந்தால், உள்ளங்கையை விடப் பெரிய காயமானால், சுடுபட்டது குழந்தையானால் ஆஸ்பத்திரிதான். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். அதையும் உங்கள் பகுதித் தீயணைப்புப் பிரிவின் இலக்கத்தையும் அடுப்படிச் சுவரில் பிள்ளைகளும் வாசிக்கக்கூடிய பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.